குழாய் நகரவில்லை

எக்ஸ்ரே அறைகளில் புதிதாகப் பணியேற்றிருக்கும் உங்களிடம், ஓய்வுபெற்ற ஒருவன் சொல்லத் தக்கது அதிகமில்லை. நான் பழகிய இயந்திரங்கள் இன்று எங்கோ பின்கட்டில் துருப்பிடித்துக் கிடக்கும். நான் படம் கழுவிய இருட்டறை இப்போது மருந்துப் பெட்டிகள் அடுக்கும் இடமாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். நான் இத்தொழிலைக் கல்லூரியில் கற்றவனும் அல்லன். வார்டில் கட்டில் தள்ளும் ஆளாகச் சேர்ந்து, அங்கிருந்து எக்ஸ்ரே அறைக்கு வந்து, பிறர் செய்வதைப் பார்த்தும், கிடைத்த புத்தகங்களை அகராதியின் துணையோடு படித்தும் தேறியவன். ஆதலால் இயந்திரங்களைப் பற்றி உங்களுக்குக் கூற முற்படமாட்டேன்.

குறையே இல்லாத ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். மங்கலான படத்தால் எனக்குத் தெரிந்து எவருக்கும் பெருங்கேடு விளைந்ததில்லை. மருத்துவர் முகம் சுளிப்பார், மறுபடி எடுக்கச் சொல்வார், அத்தோடு முடிந்தது. தெளிவாக, நேராக, முழுமையாக அமைந்த படங்களின் முன்தான் நான் பின்னாளில் தயங்கி நின்றிருக்கிறேன். அதற்குக் காரணம் ஏழுமலை.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் துறையின் வழக்கம் ஒன்றை நீங்கள் அறிய வேண்டும். ஒரு நோயாளிக்கு இரண்டாம் முறை படம் எடுத்தால், அது முதல் படத்தின்மேல் அப்படியே உட்கார வேண்டும். அதே தூரம், அதே கோணம், உடம்பின் அதே கிடை. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சப் பெட்டியில் மாட்டினால் எலும்பின் ஓரம் இரட்டைக் கோடாகத் தெரியக் கூடாது. எனக்கு மூத்தவராக இருந்து, நான் சேர்ந்த சில ஆண்டுகளில் ஓய்வுபெற்றுவிட்ட ஒருவர் ஏற்படுத்திய வழக்கம் அது. கோடு இரட்டையாக விழுந்துவிட்டால் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பார்த்து, "இன்னாய்யா, ஆளையே மாத்திட்டியா?" என்பார். அவர் போன பிறகும் அந்தக் கேள்வி அந்த அறையை விட்டுப் போகவில்லை.

வழக்கம் நல்ல வழக்கம்தான். இன்றும் அதில் நான் குற்றம் காணவில்லை. எது நகர்ந்ததோ அது மட்டும் இரண்டாகத் தெரியும். நகராதது ஒன்றாக நிற்கும். எலும்பு விலகியதையும், உள்ளே வைத்த ஆணி தளர்ந்ததையும் எத்தனையோ முறை அந்த வழக்கமே எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது. பிற மருத்துவமனைகளிலிருந்து வந்த மருத்துவர்கள் அதைப் பார்த்து மெச்சியதும் உண்டு.

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஏழுமலை எங்களிடம் வந்தார். ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில், ஈரத் தோல்களை உள்ளே போட்டுச் சுழற்றும் பெரிய மர டிரம்மில் வேலை பார்த்தவர். நாற்பதைத் தாண்டிய வயது. கைவிரல்களில் பட்டைச்சாயம் ஏறியிருக்கும். குனிந்து தோல் இழுத்ததால் வந்த இடுப்புவலி என்று நெடுங்காலம் தைலம் தடவிக்கொண்டிருந்துவிட்டார். எங்களிடம் வந்தபோது புற்றுநோய் இடுப்பெலும்பையும் முதுகின் கீழ்ப்பகுதியையும் தின்றிருந்தது. குணப்படுத்தும் நிலை கடந்துவிட்டது. அதை அவரிடம் மறைக்கவும் இல்லை.

அவர் அதைக் கேட்டுக்கொண்ட விதம் எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் அறுவை மருத்துவரைப் பெரிய டாக்டர் என்று எல்லோரும் அழைப்போம். அவரிடம் ஏழுமலை கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சாவறது சரி சார். அது வர்றப்ப வரட்டும். கத்திக்கிட்டு மட்டும் சாவக் கூடாது. எங்க வூடு ஒரே ரூமு. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. அப்பன் ஊளை வுட்டது அதுங்களுக்குக் காலத்துக்கும் காதுலயே நிக்கும்."

அவர் மனைவி கன்னியம்மாள் பக்கத்தில் நின்று சேலை முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டு அறுவை மருத்துவர் ஒருவர் எங்களிடம் வந்து சில காலம் தங்கிப் பணி செய்துகொண்டிருந்தார். உடம்புக்குள் பதிக்கும் மருந்துப் பம்பு ஒன்றை அவர் தம்மோடு கொண்டுவந்திருந்தார். வட்டமான, கனத்த, உள்ளங்கையில் அடங்கும் உலோகப் பொருள். அதை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று இடுப்பைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே முதுகுக்குப் போய், தண்டுவடத்தைச் சூழ்ந்திருக்கும் நீருக்குள் இறங்கும். பம்பு, மார்பின் என்னும் வலிநீக்கி மருந்தைச் சிறுகச் சிறுக இரவும் பகலும் அங்கே செலுத்தும். சில வாரங்களுக்கு ஒருமுறை தோலின் வழியே ஊசி குத்தி, மிச்சத்தை வெளியே எடுத்து, புதிய மருந்து நிரப்ப வேண்டும். ஊசியாகப் போடும் அளவில் மிகச் சிறு பங்கே போதும், நேரே வலி ஏறும் பாதையிலேயே மருந்து நிற்கும் என்றார்கள்.

ஏழுமலைக்கு அது பதிக்கப்பட்டது. முதல் படத்தை நான் எடுத்தேன். குழாயின் நிழல் முடி போன்று மெல்லியது. ஆனாலும் நுனிவரை தொடர்ந்து தெரிந்தது. வெளிநாட்டு மருத்துவர் அப்படத்தை நெடுநேரம் பார்த்து என் முதுகில் தட்டினார். அடுத்த மாதமே அவர் தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அதன்பின் ஏழுமலை மருந்து நிரப்ப வந்தபோது தாமாகவே நடந்து வந்தார். எக்ஸ்ரே அறை வாசலில் எட்டிப் பார்த்து, "இன்னா எக்ஸ்ரே சார், நல்லா இருக்கீங்களா?" என்றார். வயிற்றைத் தொட்டுக் காட்டி, "எங்க கம்பெனி மிஷின்லாம் தெனம் ஒரு பேஜார் பண்ணும். இது தோஸ்த் மாதிரி. ஆயில் கேக்கல, கரண்டு கேக்கல," என்றார். தரையில் குந்தி உட்கார்ந்து பிள்ளைகளோடு சாப்பிட முடிகிறது என்றார். அந்தச் சில வாரங்கள் உண்மையானவை. அவற்றை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

பிறகு வலி திரும்பியது.

குழாய் நகர்ந்திருக்கலாம் என்ற ஐயத்தில் படம் எடுக்க அனுப்பினார்கள். அவர் முழங்காலை மடக்கி, ஒருக்களித்து, சுருண்டு கிடந்தார். முதல் படத்தில் அவர் மல்லாந்து நேராகப் படுத்திருந்தார். ஆகவே இப்போதும் மல்லாந்து நேராகப் படுக்க வேண்டும். கன்னியம்மாளும் வார்டு ஆட்களும் முழங்கால்களை அழுத்திப் பிடித்தார்கள்.

"சார், கொஞ்சூண்டு மடக்கிக்கட்டா?"

"ஒரு நிமிஷம்ப்பா. மூச்ச அடக்கு."

அவர் அடக்கினார். படம் மிக நன்றாக வந்தது. ஈரம் காய்ந்ததும் பழைய படத்தின்மேல் வைத்தேன். முதுகெலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தின. குழாய் ஒற்றைக் கோடாக நின்றது. நுனியும் இருந்த இடத்திலேயே இருந்தது. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி பார்த்து, "நகரல," என்றார்.

நிரப்பும்போது பம்பிலிருந்து எடுத்த மிச்ச மருந்தும் கணக்கிட்ட அளவிலேயே இருந்தது. பம்பு சரியாகச் செலுத்துகிறது, குழாய் சரியான இடத்தில் இருக்கிறது, ஆகையால் மருந்து போய்ச் சேருகிறது, எனவே நோய்தான் முற்றியிருக்கிறது என்று முடிவு செய்தார்கள். இந்த வாதத்தில் எந்தக் கண்ணி வலுவற்றது என்று கேட்டால் அன்று எங்களில் எவராலும் சொல்லியிருக்க முடியாது. பம்பில் மருந்தின் வீரியத்தைக் கூட்டினார்கள்.

அதிலிருந்து வேறொன்று பின்தொடர்ந்தது. இளையவர்களே, இதை நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வலி தாங்காமல் துடிக்கும் மற்ற நோயாளிகளுக்கு நர்சுகள் மார்பின் ஊசி போடுவார்கள். ஏழுமலைக்குப் போடக் கூடாது என்று கட்டளை. முதுகில் வீரியம் கூட்டிய மருந்து ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும்போது மேலே ஊசியும் போட்டால் மூச்சு நின்றுவிடும். கட்டளை பிழையன்று. படத்தை வைத்துக் கொண்ட முடிவு மெய்யாக இருந்திருந்தால் அந்த ஊசி அவரைக் கொன்றிருக்கும். ஆக, நான் எடுத்த படம் அவர் வலியைத் தீர்க்காததோடு நிற்கவில்லை. மற்றவர்களுக்குக் கிடைத்த ஊசியையும் அவருக்கு இல்லாமல் செய்தது.

பெரிய டாக்டர் நல்ல உள்ளம் கொண்டவர். நோயாளியை இருட்டில் வைக்கக் கூடாது என்று எண்ணுபவர். ஏழுமலையைத் தள்ளுவண்டியில் வெளிச்சப் பெட்டிக்கு எதிரே கொண்டுவரச் செய்து, பொருந்திய இரண்டு படங்களையும் காட்டினார்.

"பாருப்பா. இது மொத நாள் எடுத்தது, இது இன்னிக்கு எடுத்தது. ஒரு மயிரிழைகூட நகரல. மருந்து சரியாப் போவுது. நீ பயப்படாத."

ஏழுமலை படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சரிங்க சார்," என்றார்.

அடுத்த முறை படமெடுக்க வந்தபோது அவர் குணம் மாறியிருந்தது. யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. தாமே பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டினார். நெற்றியில் வியர்வை வழிந்தது. நான் மேசையின் பக்கத்தில் நின்று, வலி எப்படி என்று கேட்டேன்.

"கொழா கரீட்டா இருக்குதாமே சார்."

"அது இருக்குது. உனக்கு எப்டி இருக்குது?"

"மருந்து போவுதுன்றாங்க. அப்ப வலிக்கக் கூடாதுல்ல? எனக்குத்தான் வலிச்சி வலிச்சி அதே பழக்கமா பூட்ச்சோ என்னவோ. மனசு சார். மனசுதான்."

அந்தப் படமும் பொருந்தியது.

எங்களிடம் மயக்க மருந்து கொடுக்கும் பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார். பம்பை நிரப்பும் பொறுப்பும் அவருடையதே. அவர் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை. நான் அறிந்த மருத்துவர்களில் அவரிடமிருந்தே மிகுதியாகக் கற்றேன். அவரிடம் ஒரு முறைமை இருந்தது. எவ்வளவு அவசரமாயினும் முதலில் கட்டிலருகே போவார். நோயாளி சொல்வதைக் கேட்பார். பிறகே வெளிச்சப் பெட்டிக்கு வருவார். "படத்தப் பாத்துட்டுப் போனா, அவங்க சொல்றது என் காதுல வேற மாதிரி விழும்," என்று ஒருமுறை என்னிடம் கூறியிருக்கிறார்.

மூன்றாம் படம் எடுத்த அன்று அந்த முறைமை தவறியது. அறுவைக் கூடத்திலிருந்து அவர் வெளியே வந்தபோதே பெரிய டாக்டர் அழைத்து, பொருந்திய படங்களின் முன் நிறுத்திவிட்டார். நானுமாக மூவரும் அங்கே நின்றோம்.

"நகரலதான்," என்றார் அம்மையார். "ஆனா, இவ்ளோ வீரியத்துக்கு அந்த மனுஷன் தூங்கி வழியணும் சார். தூங்கலையே."

பம்பின் ஓரத்தில் சிறு துளை ஒன்று உண்டு. அதன் வழியே ஊசி போட்டால் நேரே குழாய்க்குள் போகும். அதில் சாய மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தால், அது எங்கே போய்ப் பரவுகிறது என்று திட்டமாகத் தெரிந்துவிடும். ஆனால் சாயத்துக்கு முன்னால் குழாய் நிறைய வீரியம் கூட்டிய மார்பின் நிற்கிறது. சாயத்தைத் தள்ளினால் முதலில் அதுவே தண்டுவட நீருக்குள் ஒரேயடியாகப் போய்ச் சேரும். மூச்சு நிற்கும். அதைத் தவிர்க்க முதலில் ஊசியால் பின்னிழுத்து, குழாயில் உள்ளதை வெளியே எடுத்து, தண்டுவட நீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அம்மையார் அதைக் காலையிலேயே, வேறு எதுவும் பேசாமல், செய்து பார்த்திருந்தார். எதுவும் வரவில்லை.

எதுவும் வராததற்கு இரண்டு பொருள் இருக்கலாம். குழாய் கெட்டுப்போயிருக்கலாம். அல்லது குழாய் சரியாக உள்ளேயே இருந்து, அதன் வாயில் ஒரு நரம்போ சவ்வோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். முதலாவது உண்மையானால் சாயத்தைத் தள்ளுவதில் ஆபத்தில்லை. இரண்டாவது உண்மையானால் தள்ளுகிற கையே அவரைக் கொன்றுவிடும். மூச்சை மீட்கும் மாற்று மருந்து அன்று கையிருப்பில் இல்லை. பம்பைப் பதித்தவர் கடலுக்கு அப்பால் இருந்தார். வேறிடங்களில் விசாரித்தோம். அப்படியொரு பொருளைக் கண்டவரே அகப்படவில்லை.

"படத்த மட்டும் வெச்சி, குழாய்க்குள்ள வழி இருக்குதுன்னு சொல்ல முடியாது," என்றார் அம்மையார். அது எங்கள் மூவருக்கும் புதிய செய்தியன்று. எக்ஸ்ரே படத்தில் குழாய் கிடக்கும் இடம் தெரியும், அதனுள் ஓடும் மருந்து தெரியாது என்பது முதல் மாதம் பணிக்கு வந்தவனுக்கும் விளங்கும். அறிந்திருந்தோம். ஆனாலும் பொருந்திய மூன்று படங்கள் கண்ணெதிரே ஒளிர்ந்துகொண்டிருந்தபோது அந்த அறிவுக்கு எடை இல்லாமல் போயிற்று.

"பின்ன எத வெச்சித்தாம்மா முடிவு பண்றது?" என்றார் பெரிய டாக்டர்.

"அவரையே கேப்போம் சார். கொஞ்சமாவது மருந்து சேர்ந்தா கொஞ்சமாவது வலி கம்மியா இருக்கணும். சுத்தமா சேரலன்னா சுத்தமா கேக்காது. கம்மியாச்சின்னு சொன்னாருன்னா நான் சாயத்தத் தள்ள மாட்டேன். இல்லன்னு சொன்னாருன்னா தள்றேன்."

நியாயமான சோதனை. அதனினும் நியாயமான ஒன்றை இன்றுவரை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

கட்டிலருகே போனோம். அம்மையார் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழுமலை, மருந்து ஜாஸ்தி பண்ணதுக்கு அப்புறம் எப்டி இருக்குது? யோசிச்சிச் சொல்லு. கம்மியாச்சா, அப்படியே இருக்குதா?"

அவர் அம்மையாரைப் பார்த்தார். பின்னால் நின்ற பெரிய டாக்டரைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"பரவால்லம்மா. கம்மிதான்."

கன்னியம்மாள் அன்றுதான் முதன்முறையாக எங்கள் முன் குரல் உயர்த்தினார்.

"பொய் சொல்றாரு டாக்டரம்மா. இன்னா கம்மி? துணியச் சுருட்டி வாயில வெச்சிக் கடிச்சிக்கினு கெடக்குறாரு. அந்தத் தலகாணிக்கு அடியில பாருங்க, துணி இருக்கும்."

"நீ சும்மா இரு."

"நான் இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? கேக்குறாங்கல்ல, சொல்லு."

"சும்மா இருடின்றேன். படத்தக் காட்டிட்டாங்க. எல்லாம் சரியா இருக்குது. இவ ஒருத்தி பயந்தாங்கொள்ளிம்மா. நீங்க மனசுல வெச்சிக்காதீங்க."

அம்மையார் தலையணையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் துணி என்ன சொல்லியிருக்கும்? நோயாளியே தம் வாயால் சொல்லிவிட்டார். வலி அவருடையது. அதைப் பற்றி அவரைவிட அவர் மனைவிக்கு அதிகம் தெரியும் என்று எந்த மருத்துவர் கொள்வார்? படமும் அவரும் ஒரே சாட்சியத்தைச் சொன்னார்கள். ஒன்று மற்றொன்றைக் கேட்டுச் சொன்ன சாட்சியம் அது என்பதை எங்களில் எவரும் அந்த நேரத்தில் உணரவில்லை.

சாயம் தள்ளப்படவில்லை. ஊசி வேண்டாம் என்ற கட்டளை நீடித்தது. அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

அடுத்து நிரப்பும் நாள் வருவதற்கு முன்பே கன்னியம்மாள் அவரை வாடகைக் காரின் பின்னிருக்கையில் கிடத்திக் கொண்டுவந்தார். முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, தோல் உப்பி மெத்தென்றிருந்தது. அம்மையார் விரலால் தொட்டுவிட்டு உடனே கையை எடுத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

திறந்து பார்த்தார்கள். குழாய் நகராமல் இருப்பதற்காகத் தசையோடு சேர்த்துப் போட்டிருந்த தையலுக்கு அடியில், நூல் அறுத்த இடத்தில், மெல்லிய வெடிப்பு ஒன்று இருந்தது. மருந்து முழுவதும் அதன் வழியே தசைக்குள் கசிந்து வீணாகியிருந்தது. தண்டுவடத்துக்கு ஒரு சொட்டும் போகவில்லை. குழாயின் நுனியோ படத்தில் இருந்தபடியே, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நகரக் கூடாது என்று போட்ட தையல் நகராமலும் பிடித்திருக்கிறது, அறுத்தும் இருக்கிறது. அதில் முதலாவதை மட்டுமே படம் காட்டியது.

மாற்றுக் குழாய் எங்களிடம் இல்லை. வெடிப்பை வெட்டி நீக்கி, ஒட்டுப் போட்டுப் பார்த்தார்கள். நிற்கவில்லை. மாற்றுக் குழாய் கேட்டு வெளிநாட்டு மருத்துவருக்குத் தந்தி போனது. கட்டளை நீங்கியதால் ஊசி போடத் தொடங்கினார்கள். ஆனால் அதற்குள் நோய் ஊசியின் வலிமையைக் கடந்து போயிருந்தது. அந்நாட்களில் மார்பின் குப்பிகள் எங்கள் கைக்கு எளிதில் வந்தனவும் அல்ல.

அம்மையார் அவரிடம் கேட்டபோது நான் அங்கே இருந்தேன். கடிந்து கேட்கவில்லை. மெல்லவே கேட்டார்.

"ஏம்ப்பா கம்மின்னு சொன்ன?"

ஏழுமலைக்கு அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது போலும். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீங்கல்லாம் அவ்ளோ பாடுபட்டு, மூணு வாட்டி படம் எடுத்து, நல்லா இருக்குதுன்னு காட்டனீங்க. இல்ல, நல்லா இல்லன்னு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றதும்மா? நீங்க சொல்ற மாதிரியேதான் கம்மியா இருக்குதோன்னு எனக்கே தோணிச்சி. கொஞ்ச நேரம் தோணிச்சி."

அதன்பின் அம்மையார் எங்கள் துறைக்கு ஒரு விதி வகுத்தார். நோயாளி சொல்வதை முதலில் கேட்டு முடித்த பிறகே படத்தைப் பார்ப்பது, பார்த்த பிறகே காட்டுவது, காட்டிய பின் அவர் சொல்வதைச் சாட்சியமாகக் கொள்ளாதிருப்பது. உங்களுக்கும் அதையே நான் சொல்லிவைக்கிறேன். ஆனால் அது உங்களைக் காக்கும் என்று உறுதி கூற என்னால் இயலாது. அவர் பணிமாறிச் சென்ற சில மாதங்களிலேயே விதி தளர்ந்தது. வரிசை நீண்டிருக்கும்போது படம் கைக்கு முதலில் வந்துவிடும், நோயாளி பிறகுதான் வருவார். நானும் புதியவர்கள் பலருக்கு இந்நிகழ்ச்சியைச் சொன்னேன். தலையசைத்துக் கேட்டார்கள். கேட்ட அன்றே, முழங்கால் மடக்கிக் கிடந்தவரை நேராக நீட்டிப் படமெடுத்து, அதைப் பழைய படத்தின்மேல் வைத்துப் பெருமையோடு என்னிடம் காட்டியவர்களும் உண்டு. அவர்களை நான் கடியவில்லை. நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள்.

ஏழுமலை வீட்டுக்குப் போக விரும்பினார். அனுப்பிவைத்தோம். குழாய் வந்து சேர்வதற்கு முன்பே அவர் இறந்துபோனார்.

கருமாதி முடிந்த பின் கன்னியம்மாள் எக்ஸ்ரே அறைக்கு வந்தார். படங்களை நோயாளியிடமே கொடுத்துவிடுவது எங்கள் மருத்துவமனை வழக்கம். பழுப்பு உறையோடு அவற்றை ஒரு பழைய சேலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவருக்குப் பின்னால், வாசற்படியைத் தாண்டாமல், இரண்டு பெண்பிள்ளைகள் நின்றார்கள். அவர்களை நான் அன்றுதான் பார்த்தேன்.

கேட்கத் தகாததை நான் கேட்டேன். கடைசியில் எப்படி இருந்தார் என்றேன்.

கன்னியம்மாள் பிள்ளைகள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முடிஞ்ச மட்டும் வாயத் தொறக்கலண்ணா. கடைசீல வாயில துணி நிக்கல. தெருவே வந்து நின்னுச்சி. இதுங்கள எங்கன்னு அனுப்பறது? மூலையில ரெண்டும் காதப் பொத்திக்கினு குந்திக்கினு இருந்துச்சிங்க."

மூத்தவள் படியில் நின்றபடி என் அறையின் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கன்னியம்மாள் துணியைப் பிரித்து உறையை என்னிடம் நீட்டினார்.

"இத வெச்சிக்கங்கண்ணா. வூட்ல இருந்து இன்னா பிரயோஜனம். நல்ல படம்னு பெரிய டாக்டர் சொன்னாரே. வேற யாருக்காச்சும் ஒதவும்."

ஒருவர் படம் மற்றொருவருக்கு உதவாது என்று நான் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன். அவர்கள் பேருந்து நிறுத்தத்தை நோக்கிப் போகும்வரை நின்றிருந்துவிட்டு, உள்ளே வந்து, வெளிச்சப் பெட்டியைப் போட்டு, மூன்று படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினேன். எலும்புகள் பொருந்தின. குழாய் ஒற்றைக் கோடாக நின்றது.